நகையை அடகு வைத்து லெப்டொப் வாங்கலாமா?

அன்புள்ள அண்ணா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்கு வீடியோ எடுக்கப் போய்த்தான் எனக்கு இந்த ஆர்வம் வந்தது. போன மாதம் எங்கள் அம்மாயியைப் பேச வைத்து ஒன்று எடுத்தேன். அவருக்கு 81 வயது. போனில் 4கே, 60 பிரேம் வைத்து 1 மணி 10 நிமிடம் எடுத்தது 28 ஜிபி வந்திருக்கிறது. என் லெப்டொப்பில் ராம் 8 ஜிபிதான். எடிட்டிங்கில் போட்டால் விட்டு விட்டு ஓடுகிறது. கடைசிப் பகுதியில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டவுனில் கடைக்காரரிடம் கேட்டேன். இதை வைத்து எடிட்டிங் செய்யவே முடியாது, புதிதாக எடுக்க மூன்றரை இலட்சம் ஆகும் என்றார். அம்மா தன் வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். வாங்கட்டுமா? நான் வெட்டிச் சேர்த்த இரண்டு நிமிடத் துண்டு ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

---

அன்புள்ள தம்பி,

அம்மாவின் வளையல் அவர் கையிலேயே இருக்கட்டும். உங்கள் லெப்டொப்பில் இந்த வேலையைச் செய்யலாம். நான் ஹட்டனில் கல்யாண வீடியோ வெட்டத் தொடங்கிய காலத்தில் இதைவிட எவ்வளவோ மெதுவான மெஷினில்தான் வேலை பார்த்தேன்.

முதலில் ஏன் விட்டு விட்டு ஓடுகிறது என்று சொல்கிறேன். புதுப் போன்கள் பெரும்பாலும் எச்.265 என்ற முறையில் படத்தைச் சுருக்கி எழுதுகின்றன. 28 ஜிபிக்குள் அடங்கியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையதும் அதுதான். தோட்டத்துக் கடையில் கடன் கொப்பி எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பழைய பாக்கி முழுவதும் இருக்கும். அதற்குக் கீழே இன்றைக்கு அரைக் கிலோ சீனி, நாளைக்கு ஒரு றாத்தல் பாண் என்று புதிதாக வாங்கியதை மட்டும் எழுதிக்கொண்டே போவார்கள். நடுவில் ஒரு நாளைக் காட்டி அன்றைக்குப் பாக்கி எவ்வளவு என்று கேட்டால், மேலேயிருந்து கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். உங்கள் வீடியோவும் அப்படித்தான். ஒரு பிரேம் முழுப் படமாக இருக்கும், அடுத்து வரும் பல பிரேம்களில் மாறிய இடம் மட்டும் இருக்கும். வீடியோவைச் சும்மா ஓடவிட்டுப் பார்க்க அது போதும். எடிட்டிங்கில் நீங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் தாவுகிறீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் லெப்டொப் மேலேயிருந்து கூட்டுகிறது. அதுவும் ஒரு பிரேமில் சுமார் 83 இலட்சம் புள்ளிகள், நொடிக்கு 60 பிரேம். பாவம், அது மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

வாயும் குரலும் பிரிவதற்குக் காரணம் வேறு. 60 என்று வைத்தாலும் போன் எப்போதும் 60 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தோட்டத்து வரிசை வீடான லயத்து அறைக்குள் பகலிலும் வெளிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எடிட்டிங் மென்பொருள் எல்லாம் ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டால், படம் நகர்ந்து நகர்ந்து கடைசியில் குரலை விட்டுவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் அளவை 1080 ஆக்கி, எச்.265க்கு முந்திய, லெப்டொப்புக்கு இலகுவான எச்.264 முறையைத் தேர்ந்து, பிரேம் வேகத்தை 30 என்று வைத்து, பக்கத்தில் இருக்கும் ‘கான்ஸ்டன்ட்’ என்பதைக் குறியிடுங்கள். தரத்துக்கான எண்ணை 18இல் வையுங்கள். லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். வேலை முடியும்போது வேகம் ஒரே சீராகிவிடும், படத்தின் சுமையும் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். அந்தப் பிரதியை வைத்து வெட்டுங்கள். யூடியூபில் போன் திரையில் பார்க்கப் போகிறவர்களுக்கு 1080 தாராளம். மூலப் பிரதியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

டாவின்சி ரிசால்வ் நல்ல மென்பொருள், இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அதைச் செய்தவர்களே 16 ஜிபி ராம் வேண்டும் என்கிறார்கள். உங்களுக்கு இப்போதைக்கு கேடென்லைவ் அல்லது ஷொட்கட் போதும். இரண்டும் இலவசம். அப்படியும் தடங்கினால் இரண்டிலும் ப்ராக்ஸி என்று ஒரு வசதி இருக்கிறது. வெட்டும்போது சின்ன நகலைக் காட்டும், கடைசியில் வீடியோவாக வெளியே எடுக்கும்போது பெரிய படத்தையே எடுத்துக்கொள்ளும்.

சரி, மெஷின் பேச்சு போதும். நீங்கள் அனுப்பிய இரண்டு நிமிடத்தை நான்கு தடவை பார்த்தேன். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

அம்மாயி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதன்முதலாகப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போன காலையைச் சொல்கிறார். பனியில் கை விறைத்தது, படங்கு இடுப்பில் நிற்காமல் நழுவியது, கூடை தன்னைவிட உயரமாக இருந்தது, எல்லாம் சொல்கிறார். “எங்கம்மா பணிய லயத்துலருந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு” என்கிறார். அந்த இடத்தில் உடனே வெட்டி அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். வெட்டுவதற்கு முந்திய கணத்தில் அவர் வலது கைப் பெருவிரலால் ஆட்காட்டி விரல் நுனியைத் தேய்க்கத் தொடங்குகிறார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல். பார்வை அடுப்புப் பக்கம் திரும்புகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தார்? எட்டு நொடியா, பத்து நொடியா? அது எனக்கு வேண்டும். பார்க்கிற எல்லோருக்கும் வேண்டும். தயவுசெய்து அதைத் திரும்பப் போடுங்கள்.

யூடியூபில் பேசுபவர் மூச்சு விடும் இடத்தையெல்லாம் வெட்டிப் பழக்கிவிட்டார்கள். கடை விளம்பரத்துக்கு அது சரி. 81 வயது மனுஷி தன் அம்மாவை நினைக்கும் இடத்தில் அது கூடாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எந்த வாதை விடுவது என்று பார்த்துத்தான் கையை ஓங்குவார்கள்.

பின்னால் ஓடும் சினிமாப் பாட்டையும் எடுத்துவிடுங்கள். யூடியூப் கண்டுபிடித்து உரிமைப் பிரச்சினை கிளப்பும் என்பது ஒரு காரணம். அதைவிட, அந்தப் பாட்டுக்கு அடியில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்கிறது. தூரத்தில் யாரோ தண்ணி வாளி வைக்கிற சத்தம் கேட்கிறது. அந்த வீட்டின் சத்தம் அதுதான்.

சத்தம் என்றதும் இன்னொன்று. போனை ஆறடி தள்ளி வைத்து எடுத்திருக்கிறீர்கள், குரல் மெலிந்துவிட்டது. படம் கொஞ்சம் கலங்கினாலும் ஆட்கள் பார்ப்பார்கள். குரல் விளங்காவிட்டால் அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். அடுத்த முறை வீட்டில் இருக்கிற இன்னொரு போனில் வொய்ஸ் ரெக்கோடரைப் போட்டு அம்மாயியின் மடிக்குப் பக்கத்தில் வையுங்கள். தொடங்கும்போது கெமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். கை சேரும் பிரேமையும் அந்தச் சத்தத்தையும் பொருத்தினால் இரண்டும் சேர்ந்துவிடும். இரண்டு போனையும் பிளைட் மோடில் போடுங்கள், நடுவில் கோல் வந்தால் பதிவு நின்றுபோகலாம். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். மழைச் சத்தத்தைக் குரலிலிருந்து பிரிக்க நான் எத்தனையோ இரவு உட்கார்ந்திருக்கிறேன், ஒழுங்காக வந்ததே இல்லை. எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் எடுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும்.

60 பிரேமும் வேண்டாம். போனில் 25 பிரேம் இருந்தால் அதையும், ஷட்டரை, அதாவது ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 நொடி என்றும் வையுங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் படத்தில் துடிக்காது. வெளியே பனிமூட்டத்தில் எடுத்தால் போன் அதை அளவுக்கு மீறின வெளிச்சம் என்று நினைத்து ஆட்களை இருட்டாக்கும். முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

சப்டைட்டிலை நீங்களே தட்டுங்கள். பெரட்டு, கொந்தரப்பு, பணிய லயம் என்று அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தவேண்டாம்.

காசு ஏதாவது செலவழிக்க முடிந்தால் வயர் உள்ள ஒரு சின்ன கொலர் மைக் வாங்குங்கள், இரண்டு ஹாட் டிஸ்க் வாங்குங்கள். இந்த ஹாட் டிஸ்க் விஷயத்தை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்தை விடியவிடிய எடுத்தேன். ரதி அழும் கட்டத்தை ஒரு பெரியவர் பாடினார், தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் நின்றது. எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்தேன். அது மேசையிலிருந்து விழுந்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் ஒன்றும் எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அடுத்த மாசிக்குத் திரும்ப எடுக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் பெரியவர் போய்விட்டார். அந்த மெட்டை அப்படிப் பாட இப்போது அங்கே யாரும் இல்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் என்று இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேறு ஊரில் என்பது நம் மலைக்கு ரொம்பவே பொருந்தும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தயில் மண்சரிவில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தோம். உயிருக்கு முன்னால் படம் பெரிதில்லைதான். ஆனால் வீட்டோடு போனவற்றில் ஒரு குடும்பத்தின் ஒரே போட்டோவும் இருந்திருக்கும்.

ஒரு பிரதி உங்கள் லெப்டொப்பில் இருக்கட்டும், ஒன்று டிஸ்க்கில். இரண்டாவது டிஸ்க்கை ஹட்டன் பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள், என் அலுமாரியில் வைத்துக்கொள்கிறேன். வெட்டாத முழு 1 மணி 10 நிமிடமும் அதில் இருக்கவேண்டும்.

அன்புடன்,
அண்ணா