இரண்டு லைன் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

கேள்வி: நானும் என் கணவரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம். அடிக்கடி நெட் போய்விடுவதால் இன்னொரு கம்பெனியிடம் இரண்டாவதாக ஒரு 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் லைன் போட்டோம். ரிச்சி தெருவில் விசாரித்தபோது, இரண்டு நெட் லைனைச் செருகக்கூடிய 'டூயல் வான்' ரூட்டர் வாங்கினால் இரண்டும் சேர்ந்து 200 வரும் என்றார்கள். வாங்கலாமா சார்? (வேளச்சேரி வாசகி)

பதில்: ரூட்டரை வாங்குங்கள் அம்மா, 200 வரும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பெட்டி செய்வது லோடு பேலன்சிங். உங்கள் மீட்டிங்கை ஒரு லைனிலும், கணவரின் டவுன்லோடை மற்றதிலும் பிரித்து விடும். ஓர் இணைப்பு எந்த லைனில் தொடங்கியதோ அதிலேயேதான் முடியும். அதனால் ஒரே இணைப்பில் இறங்கும் பெரிய ஃபைல் 100-ஐத் தாண்டாது. கடையில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி 200 காட்டுவார்கள். அது பொய்யில்லை. அந்த டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறக்கிறது, அவை இரண்டு லைனிலும் பரவிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டையும் நிஜமாகவே ஒன்றாக்குவதற்குப் பெயர் பாண்டிங். ஒரு வீட்டுச் சாமானை இரண்டு வண்டியில் ஏற்றி அனுப்பினால், போய்ச் சேரும் இடத்தில் எது முன், எது பின் என்று பார்த்து இறக்கிவைக்க ஆள் வேண்டும் இல்லையா? தரவுக்கும் அப்படித்தான். டயல்-அப் காலத்தில் ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் டெலிபோன் லைனின் இரண்டு 64 கே.பி.பி.எஸ். சேனல்களைச் சேர்த்து 128 ஆக்கினார்கள். அதற்கான மல்டிலிங்க் பி.பி.பி. முறை 1996-இல் ஆர்.எஃப்.சி. எனும் இணையத் தரநிலை ஆவணங்களில் 1990 என்ற எண்ணில் வந்தது. இரண்டு சேனலும் ஒரே கம்பெனியில் போய் முடிந்ததால் அது நடந்தது. உங்கள் இரண்டு லைனும் இரண்டு கம்பெனியுடையவை. எதிர்முனையில் சேர்த்துக் கொடுக்க வெளியே ஒரு சர்வர் வேண்டும், அதற்கு மாதாமாதம் கட்டணமும் வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது தேவையில்லை.

உங்களுக்கு வேண்டியது நெட் நிற்காமல் இருப்பது. அதற்கு ரூட்டரில் ஃபெயில்ஓவர், அதாவது ஒரு லைன் போனால் தானாக மற்றதற்கு மாறுவது, சரியாக வேலை செய்ய வேண்டும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில பெட்டிகள் கேபிள் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் உங்கள் வீட்டு மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவே லைட் பச்சையாகத்தான் எரியும். ரூட்டர் எல்லாம் சரி என்று நினைத்து அந்த லைனிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியே கூகுளின் 8.8.8.8 போன்ற ஒரு முகவரிக்கு அவ்வப்போது பிங் என்ற சின்னச் சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வராவிட்டால் லைன் மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் சோதிக்கும்போது லேன் கேபிளைப் பிடுங்க வேண்டாம். மோடத்தின் பின்னால் பச்சைத் தலையோடு இருக்கும் மெல்லிய ஃபைபரைக் கழற்றுங்கள். அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம், பலர் அரைநாள் மண்டையை உடைத்துக்கொள்வது. இரண்டு கம்பெனி மோடமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் ரூட்டர் குழம்பும். ஒன்றை 192.168.2.1 என்று மாற்றச் சொல்லுங்கள். ஆபீஸ் வி.பி.என்., பேங்க் தளம் இரண்டையும் ஏதாவது ஒரு லைனோடு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் உங்கள் இணைய முகவரி (ஐ.பி.) மாறி லாக்-அவுட் ஆகும். லைன் மாறும்போது வீடியோ கால் சில வினாடி நின்று திரும்ப வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியமாக, ஒருமுறை மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்திலிருந்து, ஒரே மரத்தை உரசிக்கொண்டு வருகின்றனவா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டிலும் இரண்டு ஃபைபர் இருந்தது. வேப்பமரக் கிளை ஒன்று விழுந்து இரண்டும் ஒன்றாக அறுந்தன. பல நாள் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியும் நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். செல்போன் டவரும் போயிருந்தது, ஆனால் கரண்ட் வந்ததும் அதுதான் முதலில் திரும்பியது. அப்புறம் ஒரு ஃபைபரை நிறுத்திவிட்டு, யு.எஸ்.பி.யில் சிம் போட்ட 4ஜி டாங்கிள் செருகக்கூடிய ரூட்டராக வாங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். மோடத்துக்கும் ரூட்டருக்கும் ஒரு மினி யு.பி.எஸ். வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: கல்யாணங்களை லைவ் ஸ்ட்ரீமிங் செய்கிறோம். நான்கு சிம்மையும் ஒன்றாக்கும் 'காப்புரிமை பெற்ற மல்டி சேனல் தொழில்நுட்பம்' என்று ஒரு பெட்டியை 38,000 ரூபாய் சொல்கிறார்கள். நம்பலாமா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: பாண்டிங் நிஜமாகவே உதவுகிற தொழில் உங்களுடையது. முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் ஆயிரம் பேர் போனை எடுக்கும்போது ஒரு சிம் தாங்காது. ஆனால் 'காப்புரிமை' என்ற சொல்லைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். காப்புரிமை என்பது அந்த யோசனை புதியது என்பதற்கான உரிமை, பொருள் தரமானது என்ற சான்று இல்லை. 'பேடன்ட் பெண்டிங்' என்றால் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். வெளிநாட்டில் வாங்கிய காப்புரிமைக்கு இங்கே சட்டபலம் கிடையாது. காப்புரிமை எண் என்ன என்று கேளுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், அந்த அலுவலகத்தின் சென்னைக் கிளை கிண்டியில்தான் இருக்கிறது. இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்லி விற்பது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரியது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சேர்த்துக் கொடுக்கும் சர்வர் யாருடையது, எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை மாதக் கட்டணம் இந்த விலையில் அடக்கம் என்பது. அப்படி ஒரு சர்வரே கிடையாது என்றால் அது வெறும் லோடு பேலன்சிங். உங்கள் லைவ் வீடியோ ஒரே இணைப்பு, அது ஒரே சிம்மில்தான் போகும். பெட்டியை ஒருநாள் உண்மையான மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, லைவ் ஓடும்போதே ஒவ்வொரு சிம்மாக உருவி, திரும்பச் செருகிப் பாருங்கள். எதை உருவினாலும் படம் நிற்காமல் ஓடினால் பாண்டிங் உண்மை. நான்கு சிம்மும் ஒரே கம்பெனியாக இருந்தால் ஒரே டவரைத்தான் நான்கு பக்கமிருந்து நெருக்குவீர்கள், வேறு வேறு கம்பெனியாகப் போடுங்கள்.

கேள்வி: வைஃபை 7 ரூட்டர் இரண்டு அலைவரிசையை ஒன்றாகப் பயன்படுத்துமாமே, நெட் வேகம் கூடுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: கூடுவது ரூட்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான வேகம், போனும் வைஃபை 7 ஆக இருந்தால். வெளியிலிருந்து வரும் லைன் 100 என்றால் 100தான். இப்போது இருக்கும் ரூட்டர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது முழு வேகம் வருகிறதென்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: '200 வரும்' என்று சொன்னதை நம்பி டூயல் வான் ரூட்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: அவர் அப்படிச் சொன்னதற்கு விளம்பரத் தாளோ, வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பில்லோடு சேர்த்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.