புயல், வெள்ளம் வந்தாலும் தொழில் நிற்காமலிருக்க: கேள்வி பதில்

நாகர்கோவில், கணக்கு அலுவலகம்: அண்ணே, தினமும் சாயங்காலம் டாலி கணக்கு சாஃப்ட்வேரின் பேக்கப்பை ஹார்ட் டிஸ்கில் எடுக்கிறோம். ஃபோல்டர் கூகுள் டிரைவிலும் சிங்க் ஆகிறது. போதாதா?

போதாதும்மா. டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே இருந்தால், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். சிங்க் என்பது பேக்கப் அல்ல. இங்கே கெட்டுப்போன ஃபைல் அங்கேயும் போய் நல்லதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு டிஸ்க் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். டாலியை எல்லோரும் மூடிய பிறகே பேக்கப் எடுத்து, டிஸ்கைக் கழற்றி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆபீஸ் ஒழுகினசேரியில், வீடும் பழையாற்றங்கரையில் என்றால் ஒரே வெள்ளம் இரண்டையும் எடுக்கும். அப்போது மேட்டுப் பகுதியில் ஒரு வீடு பாருங்கள். மூன்றாவது பிரதி, பழைய பதிப்புகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்கும் கிளவுடில்.

பலர் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். கடைசி வவுச்சர் எண், டிரயல் பேலன்ஸ், குளோசிங் ஸ்டாக் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துவையுங்கள். நான்கு மணி நேரம் ஆனால், ஆபத்திலும் அதைவிடக் குறையாது. டாலி சீரியல் எண்ணும் அட்மின் மெயிலும் தாளில் இருக்கட்டும். அதே கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தால் பயனில்லை.

குளச்சல், மீன் ஏற்றுமதி: 25 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறது. ஒக்கி புயல் மாதிரி வந்தால் டீசல் எவ்வளவு வேண்டும்?

முக்கால் லோடில் மணிக்கு ஏறக்குறைய 5 லிட்டர். மூன்று நாளுக்கு 360 லிட்டர். 2017 ஒக்கியில் நம் குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. பெட்ரோல் பங்க்கின் பம்பும் கரண்டில்தான் ஓடுகிறது, எச்சரிக்கை வந்த அன்றே நிரப்புங்கள். குளிர் அறைக்கு மட்டும் லைன் கொடுத்தால் செலவு குறையும். ஆனால் லோடு 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் இன்ஜினில் கரி படியும்.

மாதாமாதம் அரை மணி நேரம், உண்மையான லோடிலேயே ஓட்டிப் பாருங்கள். வேண்டிய நேரத்தில் கைவிடுவது பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரிதான். டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அன்றே சுத்தம் செய்யுங்கள். 2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்த ஊர் அது. பேனல் போர்டைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

தக்கலை, மருந்து மொத்த வியாபாரம்: இரண்டு கம்பெனி ஃபைபர் எடுத்திருக்கிறோம், சரிதானே?

இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே மரம் இரண்டையும் அறுக்கும். ஒன்றை 4ஜி சிம் ரௌட்டராக்குங்கள். டவரின் பேட்டரி தீர்ந்தால் அதுவும் போகும், ஆகவே பில் புத்தகமும் கார்பன் தாளும் இருக்கட்டும்.

மார்த்தாண்டம், ரப்பர் ஷீட் குடோன்: இன்சூரன்ஸ் எடுத்தால் போதுமா, அண்ணாச்சி?

தொகையைச் சரியாகப் போடுங்கள். சரக்கு 40 லட்சம், பாலிசி 20 லட்சம் என்றால், பாதி மதிப்புக்குத்தான் பாலிசி என்பதால், 10 லட்ச நஷ்டத்துக்கு 5 லட்சம்தான் கணக்காகும். மொத்த மதிப்பு 5 கோடிக்குள் என்றால் சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி பாருங்கள். அதில் பாலிசித் தொகை சரக்கின் மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைவாக இருந்தாலும் பொருட்படுத்த மாட்டார்கள். தொழில் நின்ற நாட்களின் லாபத்துக்குத் தனி பாலிசி வேண்டும். நனைந்த ஷீட்டை, நஷ்டத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்முன் வெளியே தள்ளாதீர்கள்.

ஆறு பேர் வேலை பார்க்கும் இடம். எங்கே தொடங்குவது?

ஒரே தாள் போதும். ஒவ்வொரு வேலையும் எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும், எத்தனை மணி நேரப் பதிவு அழிந்தால் மறுபடி போட முடியும், அதற்கு யார் பொறுப்பு, அவர் வராவிட்டால் யார் என்று எழுதுங்கள். அதன் பின்பக்கம் ஆறு பேரின் எண்கள், மின்வாரிய பிரிவு அலுவலகம், ஜெனரேட்டர் மெக்கானிக். லேமினேட் செய்து ஆளுக்கொன்று வீட்டில் வைக்கட்டும்.