ரேடியேஷன் பாக்கி இருக்கும்போது இம்ப்ளான்ட் வைக்கலாமா?

அக்காவுக்கு மார்பகம் எடுத்தாயிற்று, அடுத்து ரேடியேஷன். இம்ப்ளான்ட்டை, அதாவது மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பையை, இப்போதே வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அவசரப்பட மாட்டேன். ரேடியேஷன் பட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி வடு இறுகி, மார்பு கல் மாதிரி ஆகிவிடும் வாய்ப்பு கூடும். என் சித்திக்கு அதனால்தான் ரேடியேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்துப் புது மார்பு அமைத்தார்கள். தசையை எடுக்கவில்லை, ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்கள். எட்டு மணி நேரம் ஆனது. அன்று ராத்திரி முழுக்க நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து, புது மார்பில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். முதல் வாரம் சித்தி கூன் போட்டுத்தான் நடந்தார். தொடு உணர்ச்சி பழையபடி திரும்பவில்லை. அதையும் அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், அவருக்குச் சர்க்கரை இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், டாக்டரிடம் மறைக்காதீர்கள். புது மார்பு அமைக்கும் வரை பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் மார்பகம் போதும்.