முன்னால அழுத்துனா தூரமா போவுதே!

இந்த மாசம் வந்த கேள்வியில பாதி ஒரே ஆன்லைன் விண்வெளி கேமைப் பத்திதான், புது மிஷனுங்க வந்ததுலருந்து ஆளாளுக்கு ஒரு புலம்பல். திட்டு ஜாஸ்தியா இருக்கறதால கேம் பேரை எடுத்துட்டு கேள்வியை மட்டும் போடுறேன்.

கே: அண்ணே, புது டாக்கிங் மிஷன்ல, அதான் விண்வெளி நிலையத்தோட கப்பலைக் கொண்டுபோய் ஒட்டற வேலையில, ஸ்டேஷன் 40 கிலோமீட்டர் முன்னால போவுது. அதையே பார்த்து கப்பலைத் திருப்பி முழு த்ரஸ்ட் கொடுத்தா கிட்ட போறதுக்குப் பதிலா மேலேறி பின்னால தங்கிடுறேன். கேம்ல கோளாறுதானே இது? மூணு தடவை ரீஇன்ஸ்டால் பண்ணிட்டேன். (வாசகர், செந்தூல்)

ப: பாவம் தம்பி நீ, கேம் ரொம்ப சரியா வேலை செய்யுது. நீ பண்ண அதே வேலையை 1965 ஜூன்ல அமெரிக்காவோட ஜெமினி 4 விண்கலத்துல போன ஜேம்ஸ் மெக்டிவிட்டும் பண்ணாரு. அவங்க ராக்கெட்லருந்து கழண்ட ரெண்டாவது அடுக்கு பக்கத்துலயே மிதந்துச்சு, கிட்ட போய்ப் பார்க்கலாம்னு அதைக் குறி வெச்சு தள்ள, அது விலகிக்கிட்டே போச்சு, எரிபொருள் கரைஞ்சதுதான் மிச்சம், கடைசியில விட்டுட்டாங்க. ஏன்னா சுத்திக்கிட்டிருக்கும்போது வேகத்தைக் கூட்டுனா பாதை உசந்துடும், உசந்த பாதையில ஒரு சுத்து முடிக்க நேரம் கூட ஆவும், அதனால முன்னால அழுத்துனவன் பின்தங்குவான். நீ செய்ய வேண்டியது தலைகீழ், லேசா பிரேக் போட்டு கொஞ்சம் கீழ இறங்கு. கீழ வட்டமும் சின்னது, ஓட்டமும் வேகம். 400 கிலோமீட்டர் உசரத்துல இருக்கற ஸ்டேஷனுக்கு ஒரு சுத்துக்கு 92 நிமிஷம் கிட்ட ஆவுது, நீ அதைவிட சீக்கிரம் முடிக்கிறதால ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா எட்டிப் பிடிக்கலாம், பிடிச்சதும் மறுபடி மேலேறிக்கோ. கடைசி சில நூறு மீட்டர்லதான் நேரா பார்த்துப் போறது சரிப்படும். நம்ம மலேசியாவோட முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் 2007 அக்டோபர் 10ல கஜகஸ்தான்ல இருக்கற பைக்கனூர் ஏவுதளத்துலருந்து கிளம்பி 12ஆம் தேதிதான் ஸ்டேஷன்ல சேர்ந்தாரு, ரெண்டு நாள் லா! நீ தே தாரிக் டீ ஆறுறதுக்குள்ள போய்ச் சேரணும்னு பார்க்கற.

கே: பிங் (சர்வருக்குத் தகவல் போய்ட்டு வர்ற நேரம்) 220 மில்லிவினாடி காட்டுது. நாலு பேர் சேர்ந்து ஆடற மிஷன்ல ஸ்டேஷன்ல போய் முட்டி வெடிச்சிடுது. லைன் கம்பெனிக்கு போன் போட்டா மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றாங்க. (வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

ப: அந்த மோடம் வைத்தியம் எனக்கும் சொல்லியிருக்காங்க. ஆனா நீங்க முட்டுறதுக்குக் காரணம் பிங் இல்லைங்க. நிஜத்துல ஒட்டும்போது வேகம் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் அளவுலதான் இருக்கும், அந்த வேகத்துல 220 மில்லிவினாடி தாமதம்னா 2 சென்டிமீட்டர் பிசகு, யாருக்கும் தெரியாது. நீங்க வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துல பாய்ஞ்சா அதே தாமதத்துல 1 மீட்டர் தாண்டிடும், அப்புறம் வெடிக்காம என்ன பண்ணும். சர்வர் ஐரோப்பாவுலன்னா தூரம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர், ஃபைபர்ல வெளிச்சம் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், போய்ட்டு வரவே 100 மில்லிவினாடி, அதுக்குக் கீழ எந்தக் கம்பெனியாலயும் கொண்டுவர முடியாது. சிங்கப்பூர் சர்வர் இருந்தா மாத்திக்கோங்க. பிங் ஒரே இடத்துல நிக்காம 60க்கும் 400க்கும் குதிச்சா மட்டும் வீட்டு வைஃபையைச் சந்தேகப்படுங்க, ஃபிளாட்ல பக்கத்து வீடு மேல்வீடு எல்லாரோட வைஃபையும் ஒண்ணோட ஒண்ணு மோதும், லேன் கேபிள் வாங்கி இழுத்துடுங்க.

கே: சனி கிரகத்துக்குப் போற மிஷன்ல கப்பல் தானா நடுங்குது, கால் தனியா பாடி தனியா துடிக்குது. கிராபிக்ஸ் கார்டு போச்சா? (வாசகர், பங்சார்)

ப: வந்த கேள்வியிலயே இது ஒண்ணுதான் உண்மையான கோளாறு. கார்டை மாத்திக் காசைக் கரைக்காதீங்க. கம்ப்யூட்டர் 32 பிட்ல ஒரு எண்ணை வெச்சா சுமார் 7 இலக்கம்தான் துல்லியமா நிக்கும். சூரியன்லருந்து சனி 1.4 லட்சம் கோடி மீட்டர் தூரம், அங்க போனா கம்ப்யூட்டரால வெச்சுக்க முடியற அடுத்தடுத்த ரெண்டு எண்ணுக்கு நடுவுல இடைவெளி மட்டும் 131 கிலோமீட்டர்! அதனாலதான் கேம் செய்யறவங்க 64 பிட்டுக்குப் போவாங்க, இல்ல கப்பலையே பூஜ்யமா வெச்சுக்கிட்டு அண்டத்தை நகர்த்துவாங்க. ஏதோ ஒரு பாகம் மட்டும் பழைய கணக்குல மாட்டிக்கிச்சுன்னா அது துடிக்கும். கெர்பல் ஸ்பேஸ் புரோக்ராம்ங்கற ராக்கெட் கேம் ஆடுனவங்க இந்த மாதிரி உதறலுக்கு கிராக்கன்னு கடல் பூதம் பேரே வெச்சாங்க. சேவ் பண்ணி வெளிய போய் மறுபடி உள்ள வந்தா பல நேரம் அடங்கும். புகார் போடும்போது லாக் ஃபைலையும் (கேம் தானா எழுதி வெக்கற பதிவு) சேர்த்து அனுப்புங்க, வெறும் படம் மட்டும் அனுப்புனா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

கே: ஏவுதளத்தை நாமே வெச்சுக்கலாம்னு வந்திருக்கு. நான் கே.எல்.ல (கோலாலம்பூர்) வெச்சேன், லாபம் இருக்கா அண்ணே? (மாணவி, பிரிக்பீல்ட்ஸ்)

ப: இருக்கு தங்கச்சி. பூமத்திய ரேகையில பூமியே வினாடிக்கு 465 மீட்டர் வேகத்தைச் சும்மா கொடுக்குது, நம்ம ஊர் அந்த ரேகையிலருந்து 3 டிகிரிதான் தள்ளிங்கறதால கிட்டத்தட்ட முழுசா கிடைக்கும், ரொம்ப வடக்கே இருக்கற பைக்கனூருக்கு 320தான். ஆனா ஸ்டேஷன் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்ஞ்சது, அங்க போகணும்னா நேர் கிழக்கே ஏவ முடியாது, லாபத்துல நிறைய போயிடும். 2009ல ஏவுன மலேசியாவோட ரசாக்சாட் மாதிரி 9 டிகிரி சாய்வுல நம்ம தலைக்கு மேல அடிக்கடி வந்து போற சேட்டிலைட்டுன்னா சரி. தளத்தை மட்டும் கிழக்குக் கரைக்கு மாத்திடு, கே.எல்.லருந்து ஏவி ஏதாச்சும் கழண்டா கிழக்கே இருக்கற பகாங் மாநிலத்துக்காரங்க தலையில விழும், குவாந்தான் பக்கம்னா கடல்ல விழும்.

கே: மகன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போறான், ராத்திரி பூரா இதே கேம். என்ன பண்றது தம்பி? (ஒரு அம்மா, பட்டர்வொர்த்)

ப: அக்கா, படிவம் 4 ஃபிசிக்ஸ்ல கிரகமும் சேட்டிலைட்டும் எப்படிச் சுத்துதுன்னு சொல்ற கெப்ளர் விதி வருது, செந்தூல் தம்பிக்குச் சொன்னது எல்லாம் அதுதான். மூணாவது விதியைப் புத்தகம் பார்க்காம எழுதிக் காட்டச் சொல்லுங்க, காட்டுனா ஒரு மணி நேரம் ஆடட்டும். காட்டலைன்னா மோடத்தை ஆஃப் பண்ணுங்க, ஆன் பண்ண வேணாம்.