வெளக்கமாற யார் கையில குடுக்குறோம்?

அன்புள்ள சார்,

தனியார் பள்ளியில ஆறாம் வகுப்பு டீச்சரா இருக்கேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரட்டும்னு தினம் நாலு பேர் வகுப்பப் பெருக்கணும்னு முறை போட்டேன். ஒரு அப்பா வந்து 'பெருக்கவா பீஸ் கட்டுறோம்'னு சத்தம் போட்டதும் பிரின்சிபல் நிறுத்தச் சொல்லிட்டாங்க. பதிலுக்கு வாரம் ஒரு நீதிபோதனை பீரியட் குடுத்திருக்காங்க. தன் மேல, மத்தவங்க மேல, இயற்கை மேல பொறுப்பு வர என்ன கதை சொல்லலாம், என்ன புத்தகம் குடுக்கலாம்?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதையும் புத்தகமும் எந்த லைப்ரரியிலயும் கிடைக்கும், அத விடுங்க. உங்க கடிதத்துல கதைய விடப் பெரிய விஷயம் அந்த அப்பாவோட சத்தம், அத நீங்க ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்க. கொஞ்ச நாளா நானும் இதயேதான் நினைச்சிட்டிருக்கேன்.

யார் அந்த அப்பா? தலைமுறை தலைமுறையா வீட்டுல வேலைக்கு ஆள் வச்சே பழகினவரா? இல்ல, ஊரையே பெருக்க வைக்கப்பட்ட குடும்பத்துலேர்ந்து வந்து, என் பிள்ளையாவது இதத் தொடாம படிக்கட்டும்னு கடன் வாங்கி பீஸ் கட்டுறவரா? ரெண்டு பேரும் சொல்றது ஒரே வார்த்தைதான், ஆனா முதல் ஆளுக்குப் பதில் சொல்லலாம், ரெண்டாவது ஆள் முன்னாடி கைகட்டி நின்னு கேக்கணும். அதக்கூட விசாரிக்காம 'பெற்றோர் ஒத்துழைக்கல'ங்கற தோரணையில எழுதியிருக்கீங்களேம்மா, உங்க மேல எனக்குக் கோபமே அதுதான்.

நான் படிச்ச ஸ்கூல்லயும் முறை உண்டு. எங்க கணக்கு சார் திங்கக்கிழமை முதல் ஆளா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வந்துருவார். தென்னங்குச்சி வெளக்கமாறோட அடிக்கட்டய உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டி குச்சியெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தப்புறம்தான் தரையில வைப்பார், தூசி பறக்காம இருக்க முதல்ல தண்ணி தெளிக்கச் சொல்லுவார், கடைசி பெஞ்சுக்கு அடியில கிடக்குற கடலைத் தோல குனிஞ்சு அவரே கூட்டி எடுப்பார். எவன் தின்னதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல. தின்னவனுக்குக் காது சூடாயிரும். அவர்கிட்ட படிச்ச கணக்கெல்லாம் மறந்துபோச்சு, இன்னைக்கும் நான் பெருக்கும்போது கை அந்தத் தட்டு தட்டுது.

ஆனா அதே ஸ்கூல்ல கழிவறைக்கு முறை கிடையாது. அதுக்கு மட்டும் காலனிப் பசங்க ரெண்டு பேரத்தான் கூப்பிடுவாங்க. ஏன் அவங்கன்னு யாரும் விளக்கல, எங்க அத்தன பேருக்கும் புரிஞ்சிருந்துச்சு. திங்கக்கிழமை சார் கஷ்டப்பட்டு கத்துக்குடுத்தத அந்த ஒரு கூப்பாடு அழிச்சிரும். பழைய கதைன்னு நினைக்காதீங்க, 2022லயே ஈரோடு மாவட்டத்துல பட்டியல் சாதிப் பிள்ளைகள வச்சு கழிவறை கழுவுனதா வழக்காகி தலைமை ஆசிரியை கைதானாங்க. அதனாலதான் சொல்றேன், பிள்ளைக கையில வெளக்கமாறு குடுக்குறதுக்கு முன்னாடி இதுவரைக்கும் அது யார் கையில இருந்துச்சுன்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ஜப்பான் பிள்ளைக ஸ்கூலக் கூட்டுற வீடியோவ எல்லாரும் ஃபார்வர்ட் பண்றாங்க. அங்க பிள்ளைக சாப்பாடு பரிமாறிட்டு உக்காந்தா வகுப்பு டீச்சரும் அதே ரூம்ல அதே சாப்பாட்டத்தான் சாப்பிடுறார், அத மட்டும் யாரும் பேசறதில்ல.

இயற்கைக்கும் இதேதான். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்னைக்கு மரக்கன்னு நட்டு போட்டோ எடுக்குறது எனக்குப் பிடிக்கல, நம்ம ஊர்ல பல இடத்துல அப்ப வெயில் கொளுத்தும், மழைக்கு ஐப்பசி வரணும், நடுவுல தண்ணி ஊத்த முறை போடாட்டி கன்னு கருகிரும். சிவகங்கை மாவட்டத்துல கொள்ளுகுடிப்பட்டின்னு ஒரு ஊர் இருக்கு. பக்கத்து வேட்டங்குடி கண்மாய 1977லதான் பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க. கூடு கட்ட வர்ற நத்தைகுத்தி நாரையும் கொக்கும் மிரண்டுரும்னு அந்த ஊர்க்காரங்க பல வருஷமா தீபாவளிக்கே வெடி போடறதில்ல. அங்க எந்தப் பிள்ளைக்கும் நீதிபோதனை பீரியட் வச்சு இதச் சொல்லித்தர வேண்டியதில்ல, அப்பனும் தாத்தனும் வெடி வாங்காம இருக்குறதப் பாத்தே வளருது. பத்து வயசுப் பிள்ளைக்கு வெடி ஆசை இல்லாம இருக்குமா? இருக்கும், இருந்தும் அடக்கிக்குது, ஏன்னா ஊரே அடக்கிக்குது.

அதனால மறுபடி முறை போடுங்க. திங்கக்கிழமைக்கு உங்க பேரு, செவ்வாய்க்கு பிரின்சிபல் பேரு, அப்புறம் ரோல் நம்பர்படி பையன் பொண்ணு வித்தியாசமில்லாம எல்லாரும். வகுப்பும் மைதானமும் மட்டும்தான், கழிவறைக்குச் சம்பளத்துக்கு ஆள் போடறது நிர்வாகத்தோட வேலை, அதப் பிள்ளைக தலையில கட்டக்கூடாது. பிரின்சிபல் கையெழுத்துப் போட மாட்டேன்னா, அட்டையில உங்க பேர மட்டும் எழுதி மாட்டிட்டு ஒரு மாசம் நீங்களே பெருக்குங்க, யாரையும் கூப்பிடாதீங்க. எவன் முதல்ல எந்திரிச்சு வர்றான்னு எனக்கு எழுதுங்க. அந்த அப்பாவையும் ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிட்டு, அவர் என்ன வேலை பாக்குறார், ஏன் அவ்வளவு கோபம் வந்துச்சுன்னு கேட்டு அதையும் எழுதுங்க.