விலங்கு அறிவியல் படித்துவிட்டு கால்நடை மருத்துவர் ஆகலாமா?

கால்நடை மருத்துவம் கிடைக்கவில்லை, விலங்கு அறிவியலில்தான் இடம். அதில் சேர்ந்து பிறகு மருத்துவர் ஆகலாமா, இல்லை பண்ணையில் சாணி அள்ளுவதோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து சிகிச்சை செய்ய உரிமம் கிடைக்காது. இதை முடித்துவிட்டு கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் வழி சில நாடுகளில் உண்டு, போட்டி கடுமை. அதை மட்டும் நம்பிச் சேராதீர்கள்.

சாணியும் இருக்கும், அது வேறு விஷயம்! ஆனால் உண்மையான வேலை தீவனத்திலும் இனவிருத்தியிலும் இருக்கிறது. கோழி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீவனம்தான். தீவனத்தில் அமினோ அமிலங்கள் (புரதத்தின் கூறுகள்) எவ்வளவு வேண்டும் என்ற கணக்கைச் சரியாகப் போட்டு அந்தச் செலவைக் குறைப்பவருக்கு எந்தத் தீவன ஆலையிலும் மதிப்பு உண்டு. இனவிருத்தி இன்னும் சுவாரசியம். முன்பெல்லாம் ஒரு காளை நல்லதா என்று அறிய அதன் மகள்கள் கன்று ஈன்று பால் கறக்கும்வரை சுமார் 5 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2009 வாக்கில் மரபணுத் தகவலைக் கொண்டு கன்றிலேயே மதிப்பிடும் முறை நடைமுறைக்கு வந்தது. இதற்குப் புள்ளியியல் நன்றாகத் தெரிய வேண்டும். பலர் திணறுவது அங்கேதான்.

பால், இறைச்சித் தரக் கட்டுப்பாடு, ஆய்வக விலங்குப் பராமரிப்பு, விலங்கு நலத் தணிக்கை ஆகியவற்றிலும் வேலைகள் உண்டு.

நோயுற்ற விலங்கைக் குணப்படுத்துவதுதான் உங்கள் ஆசை என்றால் மருத்துவத்துக்கே மறுபடி முயலுங்கள். கணக்கும் உயிரியலும் சேர்ந்தே பிடிக்குமென்றால் தாராளமாகச் சேரலாம். அப்புறம், சேரும் முன் பாடத்திட்டத்தில் பண்ணைப் பயிற்சி எத்தனை மாதம் என்று கேட்டுவிடுங்கள்.