வாசகர் கேள்வி: 85 வாட்டிலிருந்து 90 வாட்டுக்குப் போக லட்சக்கணக்கில் செலவழிக்கலாமா?

என் அறை 12-க்கு 14 அடி. யமஹா ஏ-எஸ்501 ஆம்ப்ளிஃபையரில் 87 டெசிபல், 6 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி ஓடுகிறது. ஷோரூமில் அக்யுஃபேஸ் ஈ-280 கேட்டேன். "இதை மாட்டினால் உங்கள் ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கர் ஆகிவிடும்" என்கிறார்கள். விலை பல மடங்கு. வாங்கலாமா?
*– வாசகர், மதுரை*

இந்த ஸ்பீக்கருக்கும் இந்த அறைக்கும் வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அக்யுஃபேஸ் மோசம் என்று சொல்லவில்லை. உலகிலேயே மிக நேர்த்தியாகச் செய்யப்படும் ஆம்ப்ளிஃபையர்களில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

87 டெசிபல் என்பது ஏறத்தாழ 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் அளவு. நீங்கள் உட்காருவது எட்டு அடி தள்ளி என்று வைத்துக்கொள்வோம். தூரத்தால் குறைவது, சுவர்களால் திரும்பி வருவது, இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பது எல்லாம் கழித்துக் கூட்டினால், 1 வாட்டுக்கு உங்கள் காதில் 84 டெசிபல் விழும். வீட்டில் நன்றாகச் சத்தம் வைத்துக் கேட்பவர்களின் சராசரி அளவு 75 டெசிபல்தான். அதற்குத் தேவை எட்டில் ஒரு பங்கு வாட். மிருதங்கத்தின் ஒரு சாப்போ தவிலின் ஒரு அடியோ சராசரியைவிட 20 டெசிபல் எகிறினாலும் அந்தக் கணத்துக்குச் சுமார் 13 வாட் போதும். உங்களிடம் இருப்பது 85 வாட். ஈ-280 தருவது 90 வாட். இரண்டுக்கும் வித்தியாசம் கால் டெசிபல். இசை கேட்கும்போது அதைக் காது பிரித்தறியாது. வாட் இரட்டித்தால்தான் 3 டெசிபல் கூடும். "கொஞ்சம் கூடுதல் சத்தம்" என்று நாம் உணர்வதே அந்த அளவிலிருந்துதான்.

அடுத்து டாம்பிங் ஃபேக்டர், அதாவது ஸ்பீக்கரின் அசைவை ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு அடக்கிப் பிடிக்கிறது என்று காட்டும் எண். விற்பனையாளர் இதை நிச்சயம் எடுப்பார்: யமஹா 240, அக்யுஃபேஸ் 500. கேட்கும்போது இரண்டு மடங்கு. ஆனால் 8 ஓமை அந்த எண்ணால் வகுத்தால்தான் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடை கிடைக்கும்: ஒன்றில் 0.033 ஓம், இன்னொன்றில் 0.016 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒயர் மூன்று மீட்டர் போட்டால், போகவும் வரவும் சேர்த்து ஒயரின் தடையே 0.07 ஓம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயிலின் தடையோ 5, 6 ஓம். இத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும்போது அந்த 0.017 ஓம் வித்தியாசம் பாஸை இறுக்கிப் பிடிக்க வழியே இல்லை. ஒயரை 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். அதில் கிடைக்கும் லாபம் இதைவிட அதிகம்.

அப்படியானால் அந்த விலை எதற்கு? நான்கு காரணங்கள் உண்மையானவை.

முதலாவது, வால்யூம் கட்டுப்பாடு. சாதாரண வால்யூம் பொட்டில் (குமிழோடு திரும்பும் மின்தடை) இடது, வலது தடங்கள் கீழ்ப்பகுதியில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கும். அக்யுஃபேஸின் வால்யூம் அமைப்பில் ஒலி பொட் வழியாகப் போவதே இல்லை. ஒலி மின்னோட்டமாக மாற்றப்பட்டு, பாதி, கால், அரைக்கால் என்று 16 படிநிலைகளாகப் பிரிகிறது. குமிழ் இருக்கும் இடத்தைப் பொறுத்து எவை எவை கூட வேண்டுமோ அவை மட்டும் கூடுகின்றன. எவ்வளவு குறைத்தாலும் இரு பக்கமும் சமமாக இருக்கும், இரைச்சலும் குறைவு. அருமையான பொறியியல். உங்களிடம் அந்தக் குறை இருக்கிறதா என்று சோதிப்பது எளிது: ஒருவர் பேசும் ஒலிப்பதிவை மோனோவில் போட்டு, வால்யூமை மிகக் கீழே வைத்துக் கேளுங்கள். குரல் நகர்ந்தால், மூலக் கருவியின் (பாட்டை அனுப்பும் ஃபோன், கணினி போன்றது) டிஜிட்டல் வால்யூமை 10 டெசிபல் இறக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் குமிழை மேலே ஏற்றி ஓட்டுங்கள். குறை பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டாவது, கடினமான ஸ்பீக்கர். 83, 84 டெசிபல்தான், மின்தடையும் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கு இறங்கும் என்றால், பெரிய ஹாலில் எளிய ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்கும். 8 ஓமில் இத்தனை வாட், 4 ஓமில் இத்தனை வாட் என்று இரண்டும் போட்டிருக்கிறார்களா பாருங்கள். ஈ-280 8 ஓமில் 90, 4 ஓமில் 120. இந்த எண் இரட்டிப்பை நெருங்க நெருங்க பவர் சப்ளை பலமானது என்று அர்த்தம். 4 ஓம் எண்ணே இல்லாத தாளை நம்பாதீர்கள். "1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவில், 6 ஓமில்" என்று போட்டிருக்கும் வாட்டும் அப்படித்தான். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போது உள்ள எண்தான் எண்.

மூன்றாவது, ஆயுள்: பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு), நல்ல ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி ஸ்விட்ச்), பல ஆண்டு கழித்தும் கிடைக்கும் உதிரிபாகம். நான்காவது, அதைத் தொடும்போதும் பார்க்கும்போதும் வரும் திருப்தி. அதற்குப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. காதுக்காக வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

ஒரு விஷயம் பலருக்கும் பிறகுதான் தெரியவருகிறது. உங்கள் யமஹாவில் ஆப்டிகல், கோஆக்ஸியல் டிஜிட்டல் உள்ளீடு, எம்எம் ஃபோனோ (ரெக்கார்டு பிளேயருக்கான உள்ளீடு), சப்வூஃபர் வெளியீடு எல்லாம் உள்ளேயே உண்டு. ஈ-280-இல் டாக் பலகையும் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றுவது) ஃபோனோ பலகையும் தனியாக விலை கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டியவை.

கையிலிருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் போட்டு இன்னும் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே தள்ளி வையுங்கள். மொசைக் தரை என்றால் உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கனமான விரிப்பு ஒன்று போடுங்கள். இவை மூன்றும் தரும் மாற்றத்தை வாசலில் நிற்பவரும் கேட்பார்.

ஷோரூமில் இரண்டு ஆம்ப்ளிஃபையரை மாற்றி மாற்றிப் போட்டார்கள். விலை கூடியதுதான் தெளிவாக இருந்தது. அது பொய்யா?
*– வாசகி, சென்னை*

பொய் என்று சொல்ல முடியாது, சமமான சோதனை இல்லை. அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது "சத்தம்" என்று எடுத்துக்கொள்ளாது; "தெளிவு", "உயிர்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரே குமிழ் நிலையில் இரண்டு ஆம்ப்ளிஃபையரும் ஒரே அளவு தருவதில்லை. ஆகவே அளவைச் சமப்படுத்தாமல் கேட்பதில் பயனில்லை.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றும் கொண்டு போங்கள். ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கும்போதே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் பாருங்கள். முதல் ஆம்ப்ளிஃபையரை 1.00 வோல்ட்டில் நிறுத்துங்கள், இரண்டாவது 0.99-க்கும் 1.01-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதுதான் பத்தில் ஒரு டெசிபலுக்குள் வரும். பாஸ், ட்ரெபிள் நடுவில், லவுட்னெஸ் அணைத்து, மூலக் கருவி இரண்டுக்கும் ஒன்றே. பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்ற வேண்டும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால் நீங்கள் கேட்கும் வித்தியாசம் உண்மை. 8, 9 என்று வந்தால் அது குருட்டாம்போக்கு.

தம்புராவோடு ஒரு குரல் மட்டும் உள்ள பதிவு இதற்கு நல்லது. சுருதியின் மெல்லிய அதிர்வில்தான் இரைச்சல் முதலில் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மாட்ட விடாதீர்கள். ஒயர் நுனிகள் ஒன்றோடொன்று பட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

உறவினர் ஜப்பானிலிருந்து 100 வோல்ட் ஆம்ப்ளிஃபையர் கொண்டுவருகிறார். பாதி விலை. இங்கே ஓடுமா?
*– வாசகர், தஞ்சாவூர்*

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும். ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள்: 230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் நம் ஊர் 250 வோல்ட் வந்த இரவில் 109 வோல்ட் வெளியே வரும். அதனால் முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் அவசியம். பின்பக்கத் தகட்டில் உள்ள வாட் எண்ணைப்போல் இரு மடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் திறன்) உள்ள டிரான்ஸ்ஃபார்மர் எடுங்கள். தவறி நேராக 230-இல் செருகினால், ஃப்யூஸ் முதலில் போனால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கெபாசிட்டர்கள் வெடிக்கும். வீட்டில் எல்லோரும் ஸ்விட்ச் போடும் இடமென்றால் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கை மாற்றவே மாற்றாதீர்கள். தட்டையான இரு முள் அப்படியே இருக்கட்டும்; நம் வட்டத் துளை சாக்கெட்டில் அது நுழையாது, அதுவே ஒரு காவல்.

அதிர்வெண் விஷயத்தில் ஜப்பான் நல்லது. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே விற்பவை பொதுவாக இரண்டுக்கும் பொருந்தும். அமெரிக்காவுக்கென்று 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் அச்சிட்டது வந்தால் யோசியுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளகத்தில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும்; சூடும் உறுமலும் அதனால் வரும். வோல்ட்டை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வெண்ணை மாற்றாது. வாரன்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

இருபது வருடப் பழைய பிரீமியம் ஆம்ப்ளிஃபையர் ஒன்று விலைக்கு வருகிறது. பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
*– வாசகர், கோவை*

முதலில் மூடியின் திருகுகளைப் பாருங்கள். தலை சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யுங்கள். சில நொடி கழித்து ரிலே "டிக்" என்று பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் போட்டு ஒவ்வொரு ஸ்பீக்கர் டெர்மினலிலும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் விலை பேசலாம். 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரையே மாட்டாதீர்கள்.

பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன விலை குறைந்த ஸ்பீக்கரில் மிக மெதுவாகப் போடுங்கள். ஒரு பக்கம் மங்கலாகவோ கரகரவென்றோ வந்து, வால்யூமைச் சட்டென்று ஏற்றியதும் தெளிந்தால் ரிலேயின் முனைகள் கறுத்துவிட்டன. பயப்பட வேண்டாம், ரிலே சில நூறு ரூபாய் விஷயம். மெக்கானிக் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன் என்றால் விடாதீர்கள்; முனையின் பூச்சு போய், சில மாதத்தில் அதே குறை திரும்பும். புது ரிலேதான் போட வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு இரண்டு ஹீட்சிங்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தச் சேனலின் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம்) விலகியிருக்கிறது. வால்யூம் பூஜ்யத்திலும் இரு பக்கமும் "ம்ம்" என்று உறுமினால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வயதாகிவிட்டன. மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது அவுட்புட் டிரான்சிஸ்டரும் கட்டுப்பாட்டு சிப்பும். பழைய சான்கென், தோஷிபா டிரான்சிஸ்டர்கள் பல இன்று தயாரிப்பில் இல்லை. அதே எண் அச்சிட்ட போலிகள் கடைகளில் புழங்குகின்றன. உள்ளே சிறிய சிலிக்கன் துண்டு, மெதுவாக ஓட்டும்வரை தெரியாது, சத்தம் ஏற்றியதும் போய்விடும். "டிரான்சிஸ்டர் மாற்றியாயிற்று" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எந்த விநியோகஸ்தரிடம் வாங்கியது என்று பில் கேளுங்கள். டிஸ்பிளேயும் ரிமோட்டும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அந்த மாடலுக்கென்றே செய்த சிப் போனால் மாற்று கிடைக்காது.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேல்மூடியின் துளை வழியே டார்ச் அடியுங்கள். பல்லி எச்சமும் எறும்பு மண்ணும் பலகையில் படிந்திருந்தால் ஈரக்காலத்தில் அவை மின்சாரம் கடத்தும், செம்புத் தடத்தையும் அரிக்கும்.

மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப்ளிஃபையர் பெட்டியே உறுமுகிறது. சத்தமும் சீக்கிரமே பிசிறுகிறது. பழுதா?
*– வாசகர், நாகர்கோவில்*

பழுது இல்லை. உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டர். அதில் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகள் நிறைய உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அவற்றுக்கு அதிர்கின்றன. பிசிறுவதற்குக் காரணம் வேறு. ஆம்ப்ளிஃபையரின் கெபாசிட்டர்கள் அலையின் உச்சம்வரை நிறையும். 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட். சதுர அலையின் உச்சமோ 230-ஐ ஒட்டித்தான். உள் வோல்ட்டேஜ் 70 சதவீதமாகக் குறைந்தால் கிடைக்கும் வாட் பாதியாகிவிடும். சைன் அலை இன்வெர்ட்டர் வைத்தால் இரண்டு குறையும் போகும். அதுவரை ஆம்ப்ளிஃபையர் பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள்.

கிளாஸ்-ஏ ஆம்ப்ளிஃபையரைச் சென்னை வெயிலில் வைத்துக்கொள்ளலாமா?
*– வாசகர், தாம்பரம்*

வைத்துக்கொள்ளலாம், ஆனால் டிரான்சிஸ்டர்களில் எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் வகை என்பதால் பாட்டு ஓடாவிட்டாலும் அது மின்சாரம் தின்னும். 200 வாட் இழுக்கும் ஒன்றை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் மாதம் 24 யூனிட். அந்த 200 வாட்டும் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். ஏசி அதையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும். மேலே ஓரடி காலியிடம் விடுங்கள், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. கேட்டு முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.